குருவானவர் கொடுத்ததைச் சபையில் அறிவிக்கலாமா? உங்கள் கருத்து தேவை

பொருநைக்கரை | திருநெல்வேலி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சேகரத்தில் (ஒரே குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகள்) ஒரு மருத்துவ உதவி நிதி தொடங்குகிறோம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும், புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மதுரைக்கும் வேலூருக்கும் அலைபவர்களும் எங்கள் ஊர்களில் கூடிக்கொண்டே போகிறார்கள். காப்பீட்டு அட்டையில் சிகிச்சை நடந்துவிடும். பஸ் செலவு, துணைக்குப் போகிறவரின் சாப்பாடு, வேலைக்குப் போகாத நாட்களின் கூலி இதையெல்லாம் யார் கொடுப்பது? அதற்குத்தான் இந்த நிதி.

கமிட்டியில் பேசி முடித்த அன்றே எங்கள் குருவானவர் தன் ஒரு மாதச் சம்பளத்தைக் கவரில் போட்டுப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

இப்போது கமிட்டி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஞாயிறு ஆராதனையில் இதை அறிவித்தால் சபையார் மனம் திறந்து கொடுப்பார்கள் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்று இயேசு சொல்லியிருக்கிறாரே, குருவானவரே அதை மீறுவதற்கு நாம் வழி செய்யலாமா என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. வேறு சமயங்களில் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்றும் தெரிந்துகொள்ள ஆசை.

வடலூர்ச்சுடர் | கடலூர் மாவட்டம்

அறிவிக்கக் கூடாது. அவர் வாய்விட்டுக் கேட்டுக்கொண்ட பிறகு அதை மீறுவது அவருக்குச் செய்கிற அநியாயம்.

தொகையைச் சொல்லாவிட்டால் மக்களுக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடும் என்று நினைக்காதீர்கள். வள்ளலார் 1867 மே 23-ல் வடலூரில் தருமசாலையைத் தொடங்கினார். கொடுப்பதற்கு அவரிடம் பணமும் கிடையாது, நிலமும் கிடையாது. பார்வதிபுரத்து மக்கள்தான் 80 காணி நிலம் கொடுத்தார்கள். இன்றைய அளவில் நூறு ஏக்கருக்கு மேல். சொத்தே இல்லாத ஒருவரை நம்பி ஓர் ஊர் இவ்வளவு நிலத்தைக் கொடுத்திருக்கிறது.

அதுவரை கருங்குழியில் ஓர் அன்பர் வீட்டில் தங்கியிருந்தவர், சாலை தொடங்கியதும் அங்கேயே வந்துவிட்டார். பிறகு மேட்டுக்குப்பம் போகும்வரை சாலைதான் அவருக்கு இருப்பிடம். ஒரு வெள்ளை ஆடையைப் போர்த்திக்கொண்டு, பசித்து வந்தவர்களோடு கூடவே இருந்தார். வந்தவன் என்ன சாதி, என்ன சமயம் என்று கேட்கக் கூடாது என்பதும் அங்கே சட்டம். மக்கள் தினமும் பார்த்தது இதைத்தான். யாரும் மேடையேறி அறிவிக்கவில்லை.

அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அரிசியும் காய்கறியும் இன்னமும் எங்கெங்கிருந்தோ வந்து இறங்குகின்றன. கொண்டுவருகிறவர்களில் ஒரு மூட்டைக்கு மேல் கொடுக்க முடியாத சின்ன விவசாயிகள் நிறையப் பேர்.

கரிசல்காட்டான் | கோவில்பட்டி

நான் கொஞ்சம் கறாராகப் பேசப்போகிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சமயத் தலைவர் கொடுத்தார் என்று செய்தி வரும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது, அது யாருடைய பணம் என்பதைத்தான். மடத்துக்கு ஊரார் எழுதிவைத்த நிலத்தின் குத்தகையிலிருந்தோ, கோயில் உண்டியலிலிருந்தோ, மறைமாவட்டக் கணக்கிலிருந்தோ எடுத்துக் கொடுத்தால், அது பக்தர்கள் ஏற்கெனவே கொடுத்தது. தலைவர் அதைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். நல்ல காரியம்தான், பாராட்டலாம். அதை அவருடைய கொடை என்று சொல்லிப் படம் போடும்போது ஜனங்களுக்கு மனசு விட்டுப் போகிறது. "நம்ம காசை எடுத்து நமக்கே காட்டுகிறார்" என்று டீக்கடையில் பேசிக்கொள்வதை என் காதால் கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு அந்த ஊரில் எந்த நல்ல காரியத்துக்கு ரசீதுப் புத்தகம் போனாலும் வரவேற்பு இருக்காது.

பொருநைக்கரை அண்ணாச்சி சொல்கிற குருவானவர் தன் சம்பளத்திலிருந்து கொடுத்திருக்கிறார். அதனால் இது வேறு. எனக்கு அவர்மேல் மரியாதை வருகிறது.

பொருநைக்கரை | திருநெல்வேலி

கரிசல்காட்டான் சொன்ன வித்தியாசம் வேதத்திலேயே இருக்கிறது. 1 நாளாகமம் 29-ம் அதிகாரம். ஆலயம் கட்டத் தாவீது ராஜா பொருள் சேர்க்கிறார். அரசு சார்பில் சேர்த்ததைத் தனியாகச் சொல்லிவிட்டு, அதற்கு மேல் தனக்குச் சொந்தமானதிலிருந்து 3,000 தாலந்து பொன்னும் 7,000 தாலந்து வெள்ளியும் கொடுக்கிறேன் என்று சபையார் எல்லோருக்கும் முன்பாக அளவோடு சொல்கிறார். சொல்லிவிட்டு, இன்றைக்குக் கொடுக்க மனமுள்ளவர்கள் யார் என்று கேட்கிறார். அதன்பிறகு வம்சத் தலைவர்கள் கொடுக்கிறார்கள், சேனாபதிகள் கொடுக்கிறார்கள், ஜனங்கள் மனப்பூர்வமாய்க் கொடுத்ததற்காகச் சந்தோஷப்படுகிறார்கள்.

அறிவிக்க வேண்டும் என்று சொல்கிற கமிட்டி உறுப்பினர்கள் இந்த அதிகாரத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். மற்றவர்கள் கையில் அந்த வலது கை, இடது கை வசனம் வருகிற மத்தேயு 6 இருக்கிறது. இரண்டும் ஒரே வேதம்.

காயல்கரை | காயல்பட்டினம்

அஸ்ஸலாமு அலைக்கும். எங்களிடமும் இந்தக் கேள்வி உண்டு. குர்ஆனில் இரண்டாவது அத்தியாயம் 271-வது வசனம் இரண்டையும் சேர்த்தே பேசுகிறது. தர்மங்களை வெளிப்படையாகக் கொடுத்தால் அதுவும் நல்லதுதான், மறைத்து ஏழைகளுக்குக் கொடுத்தால் அது உங்களுக்கு இன்னும் சிறந்தது என்பது அதன் கருத்து. அதே அத்தியாயத்தில் 264-வது வசனம், கொடுத்ததைச் சொல்லிக்காட்டியும் மனதைப் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்று எச்சரிக்கிறது. சொல்வதா மறைப்பதா என்பதோடு, வாங்கியவர் மனம் நோகிறதா என்பதும் பார்க்கப்படுகிறது.

வெளிப்படையாகக் கொடுத்ததற்குப் பெரிய உதாரணம் தபூக் படையெடுப்பு. நபிகள் நாயகம் (ஸல்) பொருள் கேட்டபோது உமர் (ரலி) தன் சொத்தில் பாதியைக் கொண்டுவந்தார்கள். இன்றைக்காவது அபூபக்கரை முந்திவிடலாம் என்ற எண்ணம் அவர்களுக்கு. அபூபக்கர் (ரலி) இருந்ததையெல்லாம் கொண்டுவந்துவிட்டார்கள். குடும்பத்துக்கு என்ன வைத்தீர்கள் என்று கேட்டதற்கு, அல்லாஹ்வையும் அவன் தூதரையும் வைத்திருக்கிறேன் என்று பதில் சொன்னார்கள். இதெல்லாம் ஊருக்கு முன்னால் நடந்தது. நன்மையில் போட்டி போடுவதை எங்கள் மார்க்கம் தடுக்கவில்லை.

இப்படிக் கேட்ட நபிகளின் வீட்டு நிலை எப்படி இருந்தது என்றும் பாருங்கள். வஃபாத்தானபோது (மறைந்தபோது) அவர்களுடைய கவசம், குடும்பத்துக்கு வாங்கிய வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. மதீனாவின் தலைவர் அவர்கள். அப்படிப்பட்டவர் கை நீட்டிக் கேட்டபோது, இது தனக்காக என்று யாரும் சந்தேகப்பட இடமில்லாமல் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாச் சமயத் தலைவரையும் ஒரே வரிசையில் நிறுத்தாதீர்கள். சின்ன ஊர்ப் பள்ளிவாசல் இமாம், கிராமத்துப் பூசாரி, உங்கள் பக்கத்து உபதேசியார் இவர்கள் வாங்குகிற சம்பளத்தில் குடும்பம் ஓடுவதே கஷ்டம். "நீங்கள் முதலில் கொடுங்கள், ஊர் பின்னால் வரும்" என்று அவர்களிடம் போய்ச் சொல்வது பாவம். அந்த ஊர்களில் முதலில் கொடுக்க வேண்டியவர்கள் ஜமாஅத் தலைவரும் தர்மகர்த்தாவும் சபைப் பொருளாளரும்தான். அவர்கள் கொடுத்துவிட்டு, இமாமுக்குச் சம்பளத்தையும் கூட்டட்டும்.

போதகர் வீட்டு மகள் | நாசரேத்

காயல்கரை சொன்ன கடைசிப் பத்திக்காகவே பதில் எழுத உள்ளே வந்தேன்.

என் அப்பா கிராமச் சபைகளில் குருவானவராக இருந்தவர். கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பியதில்லை. ஊரில் அவரைப் பற்றி இன்றும் நல்ல பேச்சுத்தான். வீட்டுக்குள்ளே அது எப்படி இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் ஸ்கூல் பீஸ் தள்ளிப்போகும். கிறிஸ்துமஸுக்கு எங்களுக்கு எடுத்த துணி, பண்டிகைக்கு முந்தின நாள் வேறொரு வீட்டுப் பிள்ளைகளுக்குப் போய்விடும். அம்மா வளையல்கள் இரண்டு முறை அடகுக்குப் போயின. அப்பா கொடுத்தது என்று ஊர் சொல்வதில் பாதி அம்மா கொடுத்தது. அவளிடம் யாரும் நன்றி சொன்னதில்லை.

நான் கசப்பில் எழுதவில்லை. அப்பா செய்தது சரி என்றே இன்றும் நம்புகிறேன். அம்மாவும் கடைசிவரை அப்படித்தான் சொன்னாள். ஆனால் ஒரு தலைவர் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுக்கிறார் என்றால் அந்த மாதம் வீட்டில் அரிசி வாங்குவது யார் என்று சபை கேட்க வேண்டும். பொருநைக்கரை அண்ணன், உங்கள் குருவானவர் வீட்டு அம்மாவிடம் யாராவது பேசினீர்களா? அவர்களுக்குச் சம்மதம் இருந்தால் அந்தக் கொடைக்கு மதிப்பு இரண்டு மடங்கு. இல்லாவிட்டால் அந்தக் கவரை வாங்கியதே எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

வடலூர்ச்சுடர் | கடலூர் மாவட்டம்

அக்கா, இதை யாரும் யோசிக்கவே இல்லை. எழுதியதற்கு மிக்க நன்றி.

முத்துநகர் அந்தோணி | தூத்துக்குடி

பணமே இல்லாமல் கொடுக்கக்கூடிய ஒன்று தலைவர்களிடம் இருக்கிறது. தங்கள் அந்தஸ்துக்கு அடையாளமாக வைத்திருக்கும் பொருட்கள்.

பாப்பரசர் ஆறாம் பவுல் 1963-ல் முடிசூடியபோது அவருடைய பழைய மறைமாவட்டமான மிலான் மக்கள் ஒரு மும்முடியைச் செய்து கொடுத்திருந்தார்கள். 1964 நவம்பரில், இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்துகொண்டிருந்த சமயத்தில், புனித பேதுரு பேராலயத்தின் பீடத்தில் அதை ஏழைகளுக்காக வைத்துவிட்டார். பிற்பாடு அது அமெரிக்கக் கத்தோலிக்கர்களிடம் போனது. இன்று வாஷிங்டனில் ஓர் ஆலயத்தில் இருக்கிறது. அவருக்குப் பின் வந்த பாப்பரசர்கள் யாரும் முடிசூட்டு விழாவே வைத்துக்கொள்ளவில்லை. ஒருவர் கழற்றி வைத்ததை அடுத்தவர் எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாமல் போனது என்றே நான் நினைக்கிறேன்.

அதே ஆண்டு டிசம்பரில் நற்கருணை மாநாட்டுக்காகப் பம்பாய் வந்தார். அங்கே அவர் பயணம் செய்தது அமெரிக்கர்கள் அன்பளிப்பாகக் கொடுத்த வெள்ளை லிங்கன் கார். திரும்பும்போது அதை அன்னை தெரசாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்னை அந்தக் காரில் ஒரு நாள்கூடச் சவாரி செய்யவில்லை. குலுக்கல் சீட்டு நடத்தி, வந்த பணத்தைத் தொழுநோயாளிகளுக்கான சாந்தி நகர் குடியிருப்புக்குப் போட்டார். காரை அப்படியே விற்றிருந்தால் ஒரு பணக்காரரின் பணம் வந்திருக்கும். சீட்டு போட்டதால் எத்தனையோ பேருக்கு அதில் பங்கு கிடைத்தது. 1979-ல் நோபல் பரிசு வாங்கியபோதும் வழக்கமான விருந்தை வேண்டாம் என்று சொல்லி, அந்தச் செலவை ஏழைகளுக்குக் கொடுக்கச் சொன்னார்.

இவையெல்லாம் உலகமே பார்க்க நடந்தவை. தலைவர் அந்தஸ்தைக் குறைத்துக்கொள்வது நாலு பேருக்குத் தெரிவதில் தப்பே இல்லை.

பினாங்கு மலர் | மலேசியா

தமிழ்நாட்டு நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் பினாங்கில் இலவச டயாலிசிஸ் மையம் ஒன்று இருக்கிறது. நடத்துவது ச்சூச்சி என்ற பௌத்த அமைப்பு. சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று பார்க்காமல் வசதியில்லாதவர்களுக்குச் சிகிச்சை கொடுக்கிறார்கள். நீலச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் போட்ட தொண்டர்களைப் பார்த்தாலே இங்கே எல்லோருக்கும் தெரியும். உங்கள் நிதியும் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு என்று பார்த்ததும் எழுதத் தோன்றியது.

அதைத் தொடங்கியவர் தைவானைச் சேர்ந்த பிக்குணி, செங் யென். 1966-ல் கிழக்குக் கடற்கரையில் ஹுவாலியன் என்ற ஊரில் ஆரம்பித்தார். அப்போது அவரும் சில சிஷ்யைகளும் கைக்குழந்தைகளுக்குக் காலணி தைத்து விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். காணிக்கையில் சாப்பிடுவதில்லை என்பது அவர்கள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. உழைக்காத நாளில் உணவில்லை. நிவாரண நிதி வேண்டும் என்றதும் ஒவ்வொருவரும் தினமும் கூடுதலாக ஒரு ஜோடி தைத்தார்கள். அந்தக் காசு ஏழைகளுக்கு.

பிறகு 30 இல்லத்தரசிகளிடம் ஆளுக்கொரு மூங்கில் உண்டியலைக் கொடுத்து, காய்கறி வாங்கக் கிளம்பும் முன் தினமும் 50 காசு போடச் சொன்னார். மாதத்துக்கு ஒருமுறை 15 தைவான் டாலராகக் கொடுத்துவிடுகிறோமே என்று அவர்கள் கேட்டார்கள். வேண்டாம், தினமும் போடுங்கள் என்றார். காசு சேருவதைவிட, வீட்டை விட்டுக் கிளம்பும்போது இன்னொருவர் நினைப்பு வருவது அவருக்கு முக்கியம். சந்தைக்குப் போன அந்தப் பெண்கள் கடைக்காரரிடம் சொல்ல, கடைக்காரர் வாடிக்கையாளரிடம் சொல்ல, அப்படியே பரவியது. 20 ஆண்டு கழித்து, 1986-ல், ஹுவாலியனில் பெரிய மருத்துவமனையே திறந்தார்கள். சுனாமிக்குப் பிறகு இலங்கையில் அம்பாந்தோட்டையில் வீடு கட்டிக் கொடுத்ததும் இவர்கள்தான்.

இத்தனை கோடி புழங்குகிற அமைப்பில், அந்த மடத்துப் பிக்குணிகள் இன்றும் தங்கள் சாப்பாட்டுக்குத் தாங்களே உழைத்துச் சம்பாதிக்கிறார்கள். கரிசல்காட்டான் அண்ணன் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் நான் பார்த்ததில்லை. நன்கொடைப் பணம் ஒரு பக்கம், தலைவரின் சாப்பாடு இன்னொரு பக்கம். இரண்டும் கலப்பதே இல்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார் | பாளையங்கோட்டை

மூங்கில் உண்டியல் கதை எனக்குப் பிடியரிசியை ஞாபகப்படுத்துகிறது. நம் பக்கத்து வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுகிற பழக்கம் இருந்தது. மிசோரம் பிரஸ்பிட்டீரியன் சபைப் பெண்கள் நூறாண்டுக்கும் மேலாக இதைச் செய்து, அதிலேயே ஊழியங்களைத் தாங்குகிறார்கள். காஞ்சிப் பெரியவரும் பிடி அரிசித் திட்டத்தை வலியுறுத்தினார். எந்தச் சமயமானாலும் அடுப்பங்கரையில்தான் இது நிலைக்கிறது.

நம் திருநெல்வேலி ஆளையே ஒருவரும் சொல்லவில்லையே என்று எனக்குக் குறை. பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-ல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர், கிராமத்துக் குருவானவரின் மகன். 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தங்கள் சொந்தக் காசில் கடல் கடந்து தொண்டிப் பக்கம் ஊழியரை அனுப்பியிருப்பதைப் பார்த்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் செய்வதைத் திருநெல்வேலி செய்யாதா என்ற கேள்வியோடு ஊர் திரும்பினார். 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவானது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. வெள்ளைக்காரர் பணத்தில் கோயிலும் பள்ளிக்கூடமும் நடந்துகொண்டிருந்த காலத்தில், பனையேறிகளும் சிறு விவசாயிகளும் நிறைந்த சபைகளைப் பார்த்து, நீங்கள் வாங்குகிறவர்கள் மட்டுமில்லை, கொடுக்கிறவர்களும்தான் என்று சொன்ன காரியம் அது.

சங்கம் நிஜாம் ராஜ்யத்தில் இருந்த தோர்ணக்கல் பகுதியைத் தேர்ந்தெடுத்தது. பாஷை தெரியாத ஊர். ஒய்.எம்.சி.ஏ. செயலராக நாடு முழுவதும் அறியப்பட்டிருந்த அசரியா, மற்றவர்களை அனுப்பிவிட்டுச் செயலாளராக இங்கேயே இருந்திருக்கலாம். 1909-ல் அந்தப் பதவியை விட்டுவிட்டுத் தானே தோர்ணக்கல்லுக்குப் போனார், தெலுங்கு படித்தார். 1912-ல் அங்கேயே பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர் அவர். தோர்ணக்கல்லில் சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள், நிலமற்ற கூலிகள். அவர்களிடமும், உன்னிடம் இருப்பதிலிருந்து கொடு என்றே போதித்தார். கொடுத்தலைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். 1945-ல் இறக்கும்வரை அந்தப் பேராயம்தான் அவருக்கு ஊர்.

ஏழையிடம் போய்க் கொடு என்று சொல்ல எல்லோராலும் முடியாது. அவருக்கு முடிந்தது. தன்னையே கொடுத்துவிட்டு வந்தவர் என்று அந்த மக்களுக்குத் தெரியும்.

கும்பகோணம் சிவா | தஞ்சாவூர் மாவட்டம்

வாத்தியார் ஐயா எழுதியதைப் படித்ததும் எங்கள் பக்கத்துத் திருவீழிமிழலை நினைவுக்கு வருகிறது. பெரியபுராணத்தில் வருகிற சம்பவம். நாட்டில் பஞ்சம். திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் அங்கே மடம் அமைத்து அடியார்களுக்குச் சோறு போடுகிறார்கள். இறைவன் ஆளுக்கொரு படிக்காசு தினமும் அருளுகிறார். நாவுக்கரசர் மடத்தில் நேரத்துக்குச் சாப்பாடு ஆகிவிடுகிறது, சம்பந்தர் மடத்தில் தாமதம். சம்பந்தரின் காசுக்குக் கடைவீதியில் வட்டம் (மதிப்பில் கழிவு) பிடிக்கிறார்கள், நாவுக்கரசரின் காசு அப்படியே செல்கிறது. காரணம், நாவுக்கரசர் கையில் உழவாரத்தோடு உடலால் தொண்டு செய்கிறவர். அதன்பின் சம்பந்தர் பதிகம் பாடி, வாசியில்லாத, அதாவது கழிவு பிடிக்காத காசு பெறுகிறார்.

இரண்டு பெரியவர்களையும் நாங்கள் சமமாகவே வணங்குகிறோம். ஆனாலும் சேக்கிழார் இந்தக் கதையைச் சொல்லாமல் விடவில்லை. உடம்பு நோகச் செய்கிறவரின் காசுக்குச் சந்தையில் மதிப்பு அதிகம்!

திங்களூரில் அப்பூதியடிகள் நாவுக்கரசரை நேரில் பார்ப்பதற்கு முன்பே அவர் பெயரில் தண்ணீர்ப்பந்தல் வைத்திருந்தார். தன் பெயரைப் போடவில்லை. நாவுக்கரசரே வந்து, ஏன் உம் பெயரை எழுதவில்லை என்று கேட்கிறார். ஒருவர் வாழ்வதைக் கேள்விப்பட்டே இன்னொருவர் ஊர் ஊராகத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்.

கரிசல்காட்டான் | கோவில்பட்டி

எல்லாம் மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனாலும் ஒரு எச்சரிக்கையை இங்கே பதிவு செய்ய வேண்டும். தலைவரைப் பார்த்து வருகிற ஈகை, தலைவர் அடுத்த ஊருக்குப் போனதும் என்ன ஆகிறது?

வினோபாவின் பூமிதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1951 ஏப்ரல் 18. தெலங்கானாவில் போச்சம்பள்ளி. தாழ்த்தப்பட்ட மக்கள் தங்களுக்கு 80 ஏக்கர் நிலம் வேண்டும் என்கிறார்கள். கூட்டத்தில் யாராவது தருவீர்களா என்று வினோபா கேட்க, ராமச்சந்திர ரெட்டி எழுந்து 100 ஏக்கர் தருகிறேன் என்கிறார். அதிலிருந்து சுமார் பதின்மூன்று ஆண்டு நாடு முழுக்க நடந்தார் வினோபா. தமிழ்நாட்டில் நடந்தபோது மடாதிபதியான குன்றக்குடி அடிகளாரும் உடன் நடந்தார். சொந்தமாக எதுவும் வைத்துக்கொள்ளாத மனிதர் வெயிலில் நடந்து வந்து கேட்டபோது, லட்சக்கணக்கான ஏக்கர் கொடுத்தார்கள். இப்படி ஒரு காரியம் உலகத்தில் வேறெங்கும் நடந்ததாக நான் படித்ததில்லை.

அப்புறம்? கொடுத்த நிலத்தில் கணிசமான பகுதி ஏழையின் கைக்குப் போகவே இல்லை. பாறை நிலம், வழக்கில் கிடந்த நிலம், அப்பா கொடுத்ததை மகன் மறுத்த நிலம். பத்திரம் முடித்து, அளந்து, கல் நட்டுக் கொடுக்க ஆள் போதவில்லை. குன்றக்குடி அடிகளார் பிற்பாடு தன் ஊரிலேயே உட்கார்ந்து காரைக்குடி விஞ்ஞானிகளையும் வங்கிகளையும் சேர்த்துக்கொண்டு, ஒரு கிராமத்துக்கு மட்டும் திட்டம் போட்டு வேலை பார்த்தார். அந்தக் குன்றக்குடித் திட்டம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. கொடுக்கவைப்பது ஒரு வேலை, கொடுத்ததைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்னொரு வேலை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதனால் அண்ணாச்சி, அறிவிப்பதா வேண்டாமா என்று பேசுகிற நேரத்தில், பணம் வந்தால் யார் எழுதுவது, யார் தணிக்கை செய்வது, எத்தனை நாளில் நோயாளி கைக்குப் போகும் என்றும் பேசுங்கள். குருவானவருக்கு மாற்றல் வந்துவிட்டால் இந்த நிதி நிற்குமா?

பொருநைக்கரை | திருநெல்வேலி

இத்தனை பேர் இவ்வளவு அக்கறையோடு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நெஞ்சார்ந்த நன்றி.

போதகர் வீட்டு மகள் சொன்னபடி கமிட்டியிலிருந்து இரண்டு அக்காமார் குருவானவர் வீட்டுக்குப் போய்ப் பேசினார்கள். அம்மாவுக்குத் தெரிந்தேதான் கொடுத்திருக்கிறார். இருந்தாலும் சம்பளத்தை ஒரே மாதத்தில் பிடிக்காமல் பத்து மாதத்தில் பிரித்துக்கொள்வது என்று முடிவு செய்து, மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். முதலில் மறுத்தார். அம்மா சொன்ன பிறகு சம்மதித்தார்.

அறிவிப்பு விஷயத்தில், அவர் பெயரையும் தொகையையும் சொல்லப்போவதில்லை. கமிட்டியில் இருக்கிற எல்லோரும் முதலில் போட்டுவிட்டு, "கமிட்டியார் எல்லோரும் கொடுத்திருக்கிறோம், இப்போது உங்களிடம் கேட்கிறோம்" என்று செயலாளர் ஒரு வரி சொல்வார். தாவீதும் ஆயிற்று, மத்தேயுவும் ஆயிற்று. இதைச் சொன்னதும் இரண்டு உறுப்பினர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். கேட்பதற்கு முன் கொடுக்க வேண்டும் என்றதும் வருகிற தயக்கம் அது. பிறகு அவர்களும் கொடுத்துவிட்டார்கள்.

கணக்கு எப்படி வைப்பது என்பதில்தான் இன்னும் குழப்பம். காயல்கரை காக்கா, உங்கள் ஊரில் ஜகாத் நிதி எப்படி நடக்கிறது?

காயல்கரை | காயல்பட்டினம்

எங்கள் முஹல்லாவில் நடப்பதைச் சொல்கிறேன். கட்டாயக் கொடையான ஜகாத் தனி, விரும்பிக் கொடுக்கிற சதகா தனி, பள்ளிவாசல் செலவு தனி. ஒரு கணக்கில் வந்தது இன்னொன்றுக்குப் போகக் கூடாது. ஜகாத் யாருக்குப் போகலாம் என்று மார்க்கமே எட்டு வகையாரைச் சொல்லிவிட்டது, அதனால் நிர்வாகியின் விருப்பத்துக்கு அங்கே அதிக இடம் இல்லை. வரவு செலவை அச்சடித்து ஒட்டிவிடுவோம். ஒட்டுவதற்கு முன் கமிட்டியில் இல்லாத இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

கொடுத்தவர் பெயர் வேண்டுமானால் இருக்கும், வேண்டாம் என்றால் "நலம் நாடுபவர்" என்று இருக்கும். வாங்கியவர் பெயர் எந்தக் காரணத்துக்காகவும் இருக்காது. மருத்துவம் இத்தனை பேருக்கு, படிப்பு இத்தனை பேருக்கு, கடன் அடைக்க இத்தனை பேருக்கு என்று எண்ணிக்கை மட்டும். காசோலை கொடுப்பதைப் படம் எடுப்பதும் கிடையாது.

போதகர் வீட்டு மகள் | நாசரேத்

பத்து மாதமாகப் பிரித்ததற்கு அந்த அம்மா சார்பில் நானே நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

காயல்கரை சொன்ன கடைசி விஷயத்தைக் கட்டாயம் விதியாகவே எழுதிவையுங்கள். கொடுத்தவர் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்று இங்கே இவ்வளவு பேசினோம். டயாலிசிஸுக்குப் போகிற மனிதர் ஞாயிற்றுக்கிழமை அதே பெஞ்சில்தான் உட்காரப்போகிறார். பணத்தை வாங்க அவரைக் கமிட்டி முன்னால் வரச் சொல்லாதீர்கள். கிறிஸ்துமஸ் மேடையில் நிற்க வைக்காதீர்கள். மனு எழுதச் சொன்னால்கூட, அதைப் படிப்பவர்கள் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம்.

ஓய்வுபெற்ற வாத்தியார் | பாளையங்கோட்டை

அந்த இரண்டு பேரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். கைம்பெண்களும் தனியாக இருக்கிற அம்மாக்களும் ஆண்களிடம் வந்து கேட்கத் தயங்குவார்கள். வங்கிக் கணக்கில் நேரடியாகப் போட்டுவிடுங்கள். கணக்கு இல்லாத வயதானவர்களுக்கு மட்டும் யாராவது வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். குருவானவர் கையால் கொடுக்க வேண்டாம், சேகரத்துப் பொருளாளர் கொடுக்கட்டும். அப்போதுதான் குருவானவருக்கு மாற்றல் வந்தாலும் அடுத்த மாதப் பணம் தடைப்படாது. கரிசல்காட்டான் கேட்டதற்கும் அதுதான் பதில் என்று நினைக்கிறேன்.